பக்கத்து வீட்டுல நாய், பூனை அளவுக்கு மீறி சேருதா? எப்படித் தெரிஞ்சுக்கறது, என்ன பண்றது

தெருநாய்களுக்கு சோறு வைக்கிற அக்கா, மாடி போர்ஷன்ல பூனைங்களோட இருக்கிற மாமி, ஊருக்கு வெளியில ஷெட் போட்டு நாய்களை வச்சிருக்கிற ரெஸ்க்யூ அண்ணன், இந்த மாதிரி ஒருத்தராவது எல்லா ஏரியாவுலயும் இருப்பாங்க. முக்கால்வாசிப் பேர் நல்லாத்தான் பாத்துக்கறாங்க, அவங்க இல்லேன்னா நம்ம தெரு நாய்ங்க நிலைமை இன்னும் மோசமா இருக்கும். ஆனா சில வீட்டுல அது கை மீறிப் போயிரும், உள்ளே இருக்கிற பிராணியும் சாகும், வளர்க்கிறவங்களும் சேர்ந்தே அழிஞ்சு போவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க நாத்தம்னு சண்டை போட்டுட்டு இருப்பாங்க. இதுக்கு அனிமல் ஹோர்டிங்னு பேரு. புதுசா ரெஸ்க்யூ பக்கம் வந்தவங்களுக்கும், அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருக்கிறவங்களுக்கும், சும்மா பக்கத்து வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். சட்டம், போன் நம்பர் எல்லாம் நம்ம தமிழ்நாட்டுக் கணக்கு, முக்கியமா சென்னையை மனசுல வச்சு.

முதல்ல எண்ணிக்கையை மறந்துருங்க. பத்து பூனை இருந்தா ஹோர்டிங், அஞ்சு இருந்தா இல்லைன்னு ஒரு கோடு கிடையாது. இருபது நாய் வச்சு, எல்லாத்துக்கும் கருத்தடை, தடுப்பூசி, தனித்தனி தட்டு, சம்பளத்துக்கு ஆள்னு சுத்தமா நடத்தறவங்களும் இருக்காங்க, ரெண்டே ரெண்டு லாப்ரடாரை இருட்டு ரூம்ல கட்டிப்போட்டு எலும்பும் தோலுமா ஆக்கினவங்களும் இருக்காங்க. பாக்க வேண்டியது மூணு விஷயம்தான். ஒண்ணு, சோறு தண்ணி சுத்தம் மருத்துவம் இதுல குறைஞ்சபட்சம்கூட கொடுக்க முடியாத அளவுக்கு மீறிப் போயிருச்சா. ரெண்டு, பிராணிங்க சாகறது, வீடு நாறறது, தன் உடம்பே கெடறது இதெல்லாம் கண்ணு முன்னாடி நடந்தும் அதை நிறுத்த ஒண்ணும் பண்ணாம இருக்காங்களா. மூணாவது, பிரச்சினைன்னு ஒண்ணு இருக்கிறதையே ஒத்துக்க மாட்டேங்கறாங்களா. இந்த மூணாவதுதான் சும்மா கஷ்டப்படுற ஃபீடரையும் (சோறு வைக்கிறவங்க) ஹோர்டரையும் (அளவு மீறிச் சேர்க்கிறவங்க) பிரிக்கிற இடம். கஷ்டப்படுறவங்க "முடியலப்பா, ரெண்டு குட்டிய யாராவது எடுத்துக்கங்களேன்"னு கேப்பாங்க. ஹோர்டர் ஒரு குட்டியக்கூட யாருக்கும் தரமாட்டாங்க, கேட்டா "என்ன மாதிரி யாரு பாத்துப்பா"ன்னுதான் பதில் வரும்.

இது வெறும் சோம்பேறித்தனமோ கொடூரமோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம்-5ங்கற மனநோய்க் கையேட்டுல ஹோர்டிங் டிஸார்டர்னு தனி நோயாவே சேர்த்தாங்க, பிராணிகளைச் சேர்க்கிறதையும் அதுல சொல்லியிருக்காங்க. அங்கேயே 1999ல கேரி பேட்ரோனெக்னு ஒரு கால்நடை மருத்துவர் 54 கேஸை வச்சு ஒரு ஆய்வு போட்டார், அதுல 76 சதவீதம் பேர் பெண்கள், 46 சதவீதம் பேர் 60 வயசு ஆனவங்க இல்ல அதுக்கு மேல, கிட்டத்தட்ட பாதிப் பேர் தனியா குடியிருக்கிறவங்க. 80 சதவீத கேஸ்ல செத்த பிராணியோ ரொம்ப மோசமான நிலையில இருந்த பிராணியோ கிடைச்சிருக்கு. அமெரிக்கக் கணக்குதான், ஆனா நம்ம ஊர்ல இந்த மாதிரி வீடுகளுக்குப் போய் வந்தவங்க யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே ஆளைத்தான் வர்ணிப்பாங்க: புருஷன் போயாச்சு, பிள்ளைங்க வெளியூர்ல, பேச்சுத்துணைக்கு ஒரு பூனை வந்துச்சு, அது குட்டி போட்டுச்சு, அப்புறம் அப்படியே போயிருச்சு.

குட்டி போடுற கணக்கை லேசா நினைக்காதீங்க. பூனைக்கு சினைக்காலம் ரெண்டு மாசம் சொச்சம், பால் குடுத்துட்டு இருக்கும்போதே திரும்ப சினையாகும், குட்டிங்க அஞ்சாறு மாசத்துல அதுங்களே தயாராயிரும். அண்ணன் தங்கச்சின்னு அதுங்களுக்குத் தெரியாது. ஒரு ஜோடிய ஆபரேஷன் பண்ணாம ஒரு வீட்டுக்குள்ள விட்டா ஒண்ணரை வருஷத்துல இருபதைத் தாண்டறது ரொம்ப சாதாரணம்.

வெளியில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது

மூக்குதான் முதல் சாட்சி. நாய் இருக்கிற வீட்டுல நாய் வாடை வரும், அது வேற. இது மாடிப்படி திரும்பும்போதே கண்ணை எரிக்கிற நாத்தம், மூத்திரம் காஞ்சு காஞ்சு அமோனியாவா மாறினது, தொண்டையில போய் நிக்கும். சென்னையில மே மாச வெயில்ல ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ள இருந்து நியூஸ்பேப்பர் ஒட்டி, பால்கனிக்குத் தார்பாலின் கட்டி வச்சிருந்தா யோசிக்க வேண்டிய விஷயம். கேஸ் சிலிண்டர் போடுறவரையோ பிளம்பரையோ உள்ள விடமாட்டாங்க, கதவை நாலு விரல் இடுக்கு மட்டும் திறந்து பேசுவாங்க. பால் பாக்கெட் தினமும் பத்துப் பன்னெண்டு போகும், ஆனா குப்பை வெளிய வராது. அந்த அம்மா புடவையில எப்பவும் ரோமம், கையில கீறல், உடம்பு இளைச்சுட்டே போகும். பல்லு வலின்னா டாக்டர்கிட்ட போகமாட்டாங்க, "குழந்தைங்கள யாரு பாத்துப்பா"ம்பாங்க.

உள்ள போக முடிஞ்சா பிராணியைப் பாருங்க. பூனைக்குட்டிங்க கண்ணு பீளை கட்டி ஒட்டியிருக்கா, மூக்கு ஒழுகுதா, நாய்க்கு முடி கொட்டி தோல் யானைத்தோல் மாதிரி தடிச்சிருக்கா, அது சொறி. காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா இருக்கும். தண்ணிப் பாத்திரம் பாசி பிடிச்சிருக்கும். ஒரே பெரிய பேசின்ல தயிர்சாதத்தைக் கொட்டி வச்சிருப்பாங்க, பலமுள்ளது தின்னும், மெலிஞ்சது கட்டிலுக்கு அடியிலயே கிடக்கும். மேல பரண்ல, பீரோ மேல எல்லாம் பூனை உக்காந்திருந்தா கீழ சண்டை நடக்குதுன்னு அர்த்தம். ஃப்ரிட்ஜ்ல, அட்டைப்பெட்டியில செத்த குட்டியைத் துணி சுத்தி வச்சிருக்கிற வீடும் உண்டு, பாத்தா கத்தாதீங்க, முகத்துல காட்டாதீங்க, வெளிய வந்தப்புறம் எழுதி வச்சுக்கங்க.

ஷெல்டர், போர்டிங் விஷயத்துல வாசனை வச்சு மட்டும் சொல்ல முடியாது. அங்க கேக்க வேண்டிய கேள்விங்க வேற. முன்னாடியே சொல்லாம வந்து பாக்கலாமா? போன மாசம் எத்தனை அடாப்ஷன் போச்சு? எத்தனை செத்துச்சு? கால்நடை டாக்டர் பில் காட்டுவாங்களா? இடம் இல்லேன்னு எந்தப் பிராணியையாவது எப்பவாவது திருப்பி அனுப்பியிருக்காங்களா? எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னு சொல்ற இடத்தைப் பாத்து நம்மாளுங்க கும்பிடுறாங்க, நான் அந்த இடத்தைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். வாசல்லயே நம்மள நிறுத்தி, அழகா இருக்கிற நாலு நாயை மட்டும் கூட்டிட்டு வந்து காட்டினா அங்க பணம் அனுப்பாதீங்க.

எந்த வகை ஆளுன்னு தெரிஞ்சா அணுகுமுறை மாறும்

பொதுவா மூணு வகையாப் பிரிப்பாங்க. ஒண்ணு, நல்லா பாத்துட்டு இருந்தவங்க, உடம்பு முடியாம, வேலை போய், இல்ல வீட்டுல ஒரு சாவு விழுந்து கை மீறிப் போனவங்க. இவங்க கொஞ்சம் பேசினா உதவியை ஏத்துக்குவாங்க, நம்ம நேரத்தை அதிகமா இவங்களுக்குத்தான் குடுக்கணும். ரெண்டாவது, தான் காப்பாத்தலேன்னா எல்லாம் செத்துரும்னு நம்பிச் சேர்க்கிற ரெஸ்க்யூ வகை, கருணைக்கொலை, அடாப்ஷன் ரெண்டுமே இவங்களுக்குத் துரோகம். மூணாவது, நன்கொடைக்காகவோ குட்டி வித்துக் காசு பாக்கவோ வச்சிருக்கிறவங்க, இவங்களுக்கு இரக்கமும் கிடையாது, நல்லா பேசவும் தெரியும். மூணாவது ஆள்கிட்ட உக்காந்து பேசிட்டு இருக்கிறது டைம் வேஸ்ட், நேரா புகார்தான். காசுக்குக் குட்டி போட வச்சு விக்கிறவங்க 2017 நாய் இனப்பெருக்க விதிகள் படி மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், அதை முதல்ல கேளுங்க.

பேச ஆரம்பிக்கிறது

வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறதை முதல்ல நிறுத்துங்க. ஒரு தடவை அந்த வீட்டு வாசல் வைரல் ஆச்சுன்னா அப்புறம் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது, ராத்திரியோட ராத்திரியா ஆட்டோ வச்சு பிராணிங்களை வேற எங்கயாவது மாத்திருவாங்க, நீங்க தேடவே முடியாது.

அவங்க நம்புற ஒருத்தரைப் பிடிங்க, மருந்துக்கடைக்காரர், பால்காரர், பழைய ஸ்கூல் டீச்சர், யாராவது. கூட ஒருத்தர் மட்டும் போங்க, கும்பலா போகாதீங்க. பேச்சு பிராணியில ஆரம்பிக்கட்டும், நாத்தத்துல ஆரம்பிக்கக்கூடாது. "பாட்டி, அந்த கறுப்பு வெள்ளைக்குப் பேரு என்ன?"ன்னு கேளுங்க, அரை மணி நேரம் பேசுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கும், கதை இருக்கும், நீங்க மனசுக்குள்ள எண்ணிட்டே வாங்க. ரெண்டாவது வாட்டி போகும்போது ஒரு மூட்டை கேட் ஃபுட், கொஞ்சம் பழைய பேப்பர் எடுத்துட்டுப் போங்க. மூணாவது வாட்டி மெதுவா, "பாட்டி, ஒரு டாக்டர்கிட்ட பேசியிருக்கேன், பொட்டைங்களுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணித் திரும்ப உங்ககிட்டயே கொண்டு வந்து விட்டுருவேன், ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு ரெண்டா"ன்னு சொல்லிப் பாருங்க. சொன்னா சொன்னபடி திருப்பிக் கொண்டு வந்து விடணும். அந்த ரெண்டு திரும்பி வந்தாத்தான் அடுத்த நாலு வெளிய வரும். ஏமாத்தி எடுத்துட்டுப் போற குரூப் ஒண்ணு இருக்கு, அவங்களால நல்லா வேலை செய்யறவங்களுக்கும் கதவு மூடிருது.

"ஹோர்டிங்", "மென்டல்", "கேஸ்" இந்த மூணு வார்த்தையும் வாயில வரக்கூடாது.

கருத்தடைதான் எல்லாத்துக்கும் முன்னாடி. சுத்தம் பண்றது, அடாப்ஷன் போடுறது எல்லாம் அப்புறம். குட்டி பிறக்கிறது நிக்காத வரைக்கும் மத்த எதுவும் நிக்காது. ஆபரேஷனுக்கு டைம் ஆகும்னா அதுவரைக்கும் கடுவனையும் பொட்டையையும் தனித்தனி ரூம்ல வைக்கவாவது சம்மதிக்க வைங்க.

பேச்சு எடுபடலைன்னா

பிராணி செத்துட்டு இருக்கு, இல்ல அந்த ஆளோட உயிருக்கே ஆபத்துன்னா பொறுமை எல்லாம் வேண்டாம். எழுத்துல புகார் குடுங்க. தேதி, முகவரி, வெளியில இருந்து என்ன பாத்தீங்க, என்ன கேட்டீங்க, போட்டோ இருந்தா போட்டோ. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11ல சோறு தண்ணி இடம் சரியா குடுக்காதது, அசைய முடியாத கூண்டுல அடைக்கிறது, ரொம்ப நேரம் குட்டைச் சங்கிலியில கட்டறது எல்லாமே குற்றம். ஆனா முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும்தான், ஆமா, படிச்சது சரிதான், ஒரு டீ வடை காசு. அதனால ஜெயிலுக்கு அனுப்பிருவேன்னு மிரட்டறதுல அர்த்தமே இல்ல. அந்தச் சட்டத்தோட உபயோகம் வேற இடத்துல இருக்கு: பிரிவு 34 படி கான்ஸ்டபிளுக்கு மேல இருக்கிற போலீஸ் அதிகாரி பிராணியைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பலாம், பிரிவு 29 படி தண்டனை ஆனவர்கிட்ட இருந்து பிராணியோட உரிமையைக் கோர்ட் எடுத்துக்கலாம். குற்றம் நடந்து மூணு மாசத்துக்குள்ள வழக்குப் போடணும், தள்ளிப் போடாதீங்க. வேணும்னே கொன்னாலோ ஊனமாக்கினாலோ புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325, அதுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு.

யாருக்கு எதுக்குப் போன் பண்றதுன்னா: அவசரம்னா போலீஸ் 100 இல்ல 112. சென்னைக்குள்ள நாத்தம், சுகாதாரம், செத்த பிராணின்னா மாநகராட்சி 1913, மத்த ஊர்ல நகராட்சி, பஞ்சாயத்து சுகாதார ஆய்வாளர். பிராணிக்கு உடம்பு முடியலைன்னா கால்நடைத் துறை நடமாடும் ஊர்திக்கு 1962. மாவட்டத்துல எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) இருந்தா அவங்க, சென்னையில ப்ளூ கிராஸ் மாதிரி 1959ல இருந்து இருக்கிற அமைப்பும் உண்டு, ஆனா எந்த ஷெல்டரும் ஒரே நாள்ல 40 பூனையை எடுக்கற நிலைமையில இருக்காது, அதனால அவங்க வரலேன்னு திட்டாதீங்க, முன்னாடியே பேசி இடம் கேட்டு வைங்க. கிளி, நட்சத்திர ஆமை இருந்துச்சுன்னா அது 1972 வனவிலங்குச் சட்டம், வனத்துறைக்குச் சொல்லணும், நீங்களே பறக்க விடக்கூடாது.

அசோசியேஷன்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பிராணி வளர்க்கக்கூடாதுன்னு பொதுவா தடை போட உங்களுக்கு அதிகாரம் இல்ல, இந்திய விலங்கு நல வாரியம் 2015லயே இதைத் தெளிவா சொல்லியாச்சு. சுகாதாரக் கேடுன்னு ஆதாரத்தோட போங்க, பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட (ஆர்டிஓ) பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா) பிரிவு 152ல மனு குடுக்கலாம். தண்ணி கனெக்‌ஷனைக் கட் பண்றது, லிஃப்ட்ல ஏறவிடாம பண்றது இதெல்லாம் அந்தப் பிராணிங்களைத்தான் கொல்லும்.

எடுக்கிற நாள்

போலீஸோட போனாலும் சரி, அவங்க சம்மதத்தோட போனாலும் சரி, உள்ள போறதுக்கு முன்னாடி ஜன்னல் கதவைத் திறந்து காத்து விடுங்க, ஆனா பூனை வெளிய குதிக்காம வலை கட்டிட்டு. என்95 மாஸ்க், தடிமனான கையுறை, முழுக்கை சட்டை, கழட்டி வெளியவே விடற செருப்பு. கர்ப்பமா இருக்கிறவங்க வரவேண்டாம், பூனைக் கழிவுல இருந்து டாக்ஸோபிளாஸ்மாங்கற கிருமி வரலாம். மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல், தோல்ல இருந்து படர்தாமரை எல்லாம் நமக்கும் ஒட்டும். கடிச்சாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரியில ரேபிஸ் ஊசி, அப்புறம் 3, 7, 28வது நாள். வீட்டுப் பூனைதானேன்னு விட்டுறாதீங்க.

கேரியர் பத்தலேன்னா காய்கறி கிரேட் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து கேபிள் டை போட்டா ஒரு பூனைக்குப் போதும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர், ஒரு போட்டோ, அந்த அம்மா சொல்ற பேரு, எந்த ரூம்ல கிடைச்சுச்சு, எழுதுங்க. முடிஞ்சா அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க, வளர்த்தவங்க குரலுக்குத்தான் பரண்ல இருந்து இறங்கும். பட்டினி கிடந்ததுக்குப் பாவம்னு ஒரேயடியா கறிசோறு போடாதீங்க, ரொம்ப நாள் காஞ்ச வயித்துல திடீர்னு நிறைய விழுந்தா உடம்புல உப்புச்சத்து தலைகீழாகி செத்தே போகும், கொஞ்சம் கொஞ்சமா, டாக்டர் சொல்ற அளவுல. எடுத்தது எதையும் ஷெல்டர்ல மத்த பிராணிங்களோட நேரா சேர்க்கக்கூடாது, பார்வோ, டிஸ்டெம்பர், பூனைக்குப் பேன்லியூகோபீனியா இந்தத் தொத்து நோய்ல எதாவது ஒண்ணு உள்ள இருந்தா அங்க இருக்கிற குட்டிங்களும் போயிரும், குறைஞ்சது ரெண்டு வாரம் தனியா.

தெருவுல இருந்து சமீபத்துல தூக்கிட்டு வந்த நாய்னா 2023 ஏபிசி (விலங்கு இனக்கட்டுப்பாட்டு) விதிகள் படி கருத்தடை, ரேபிஸ் ஊசி போட்டுப் பிடிச்ச இடத்துலயே விடறதுதான் முறை. ஆனா குட்டியில இருந்து நாலு சுவத்துக்குள்ளயே வளர்ந்த நாயைக் கொண்டு போய் ரோட்டுல விட்டா ரெண்டு நாள் தாங்காது, அதுக்கு வீடுதான் தேடணும்.

எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துராதீங்க. இதுல சண்டை வரும், தெரியும், கொடுமைப்படுத்தினவங்ககிட்ட எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு கேப்பாங்க. காசுக்கு வச்சிருந்தவன்னா ஒண்ணுகூட விடவேண்டாம். ஆனா தனியா இருக்கிற ஒரு வயசானவங்க வீட்டைக் காலையில 30 பூனையோட பாத்து சாயங்காலம் காலியா விட்டுட்டு வந்தா அடுத்த மாசமே எங்கயாவது ஒரு குட்டியைத் தூக்கிட்டு வருவாங்க, இது திரும்பத் திரும்ப நடக்கிற விஷயம். ஆபரேஷன் ஆன, ஆரோக்கியமான ரெண்டு மூணை அவங்களே தேர்ந்தெடுத்து வச்சுக்கட்டும், டாக்டரும் போலீஸும் ஒத்துக்கிட்டா.

அப்புறம்தான் வேலையே

வாரம் ஒருத்தர், முறை போட்டு, அந்த வீட்டுக்குப் போகணும். தீவனம் குடுக்கிற சாக்குல போனாப் போதும், உள்ள எண்ணிக்கை தெரிஞ்சுரும். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், பாதிக்கப்பட்டவங்க பேசமாட்டேன்னா அவங்க பிள்ளையோ நீங்களோ பேசி என்ன பண்றதுன்னு கேக்கலாம். முதியோருக்கு 14567. மாவட்ட அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும், சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு, ஆனா நேரா அங்க கூட்டிட்டுப் போறேன்னு ஆரம்பிக்காதீங்க, முதல்ல சுகர், பிபி, கண்ணுன்னு சாதாரண டாக்டர்கிட்ட போகட்டும்.

இப்ப நம்ம பக்கம். அந்த மாமி வீட்டுக்கு முப்பது பூனை எப்படி வந்துச்சுன்னு விசாரிச்சுப் பாருங்க. பாதி அங்கயே பிறந்தது, மீதியை விடியக்காலையில அட்டைப்பெட்டியில போட்டு அவங்க கேட்ல வச்சுட்டுப் போனது நம்ம தெருக்காரங்கதான். "அவங்க பாத்துப்பாங்க"ன்னு. ரெஸ்க்யூ குரூப்லயும் இதே கதை, ராத்திரி பதினோரு மணிக்கு "அர்ஜென்ட், யாராவது எடுங்க"ன்னு மெசேஜ் வரும், எப்பவும் சரின்னு சொல்ற அதே ஒருத்தர் சரின்னு சொல்லுவாங்க, எல்லாரும் கும்பிடு ஸ்மைலி போட்டுட்டுத் தூங்கப் போயிருவாங்க, அவங்ககிட்ட ஏற்கனவே எத்தனை இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. ஹோர்டருக்கு சப்ளை பண்றதே நாமதான்.

அதனால உங்க குரூப்ல ஒரு விதி போடுங்க: எடுக்கிறவங்க இப்ப எத்தனை வச்சிருக்காங்க, அதுல எத்தனைக்கு ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லாம புதுசா ஒண்ணும் குடுக்கக்கூடாது, ஃபாஸ்டருக்கு (தற்காலிகமா வளர்க்க) அனுப்பினவங்களே மாசாமாசம் செலவுல பங்கு போடணும். தெருவுல கண் திறக்காத பூனைக்குட்டியைப் பாத்தா உடனே தூக்காதீங்க, தாய் இரை தேடப் போயிருக்கும், ஒரு ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி நின்னு பாருங்க. வண்டி வர்ற இடம்னா மட்டும் பக்கத்துலயே ஓரமா, நிழலா மாத்தி வைங்க. தாய் வந்துருச்சுன்னா அங்கயே சோறு வச்சு, குட்டிங்க பால் மறந்ததும் தாயைப் பிடிச்சு ஆபரேஷனுக்குக் கொண்டு போங்க. தாய் வரவே இல்லேன்னா நீங்க எடுத்து வளர்க்க முடியுமான்னு பாருங்க, முடியலைன்னா டாக்டரைக் கேளுங்க, ஷெல்டரைக் கேளுங்க. அந்த மாமி வீட்டுக் கேட்ல மட்டும் வச்சுட்டு வராதீங்க.